மதிலைத் தாண்டி வந்த செடி

மணப்பாறையில் தோட்டம் போடுவோர் வானத்தைப் பார்த்தே பாதி ஆயுளைக் கழிப்பர். செம்மண் பூமி, மழையோ குறைவு, சித்திரை வெயிலில் புல்லும் கருகிவிடும். அத்தகைய ஊரில், எங்கள் இல்லத்துத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு சிறு செடி செழித்து நிற்கிறது. உயரம் 1 அடிக்குச் சற்று மேல். கரும்பச்சை இலை ஒவ்வொன்றிலும் வெள்ளி பூசினாற்போன்ற திட்டுகள். காண வருவோர், "இதற்குச் சாயம் பூசியவர் யார்?" என்று வினவுவதுண்டு.

இச்செடி வந்த கதையைச் சொல்லுமுன் எங்கள் குறையொன்றை அறிக்கையிட வேண்டும். எங்கள் இல்லத்தாருக்கும் அடுத்த இல்லத்தாருக்கும் 20 ஆண்டுகளுக்கும் மேலாகப் பேச்சில்லை. நடுவிலிருந்த நடைபாதை எவருக்கு உரியது என்று இரு வீட்டுப் பெரியவர்களிடையே எழுந்த வழக்கு அது. வழக்காடியவர் இருவரும் கல்லறைக்குச் சென்றுவிட்டனர். ஒரு மதிற்சுவரும் மனக்கசப்பும் எங்களுக்கு உரிமைச் சொத்தாக எஞ்சின. ஞாயிறுதோறும் ஒரே பீடத்தின் முன் முழந்தாளிட்டு, ஆண்டவர் கற்பித்த செபத்தைச் சொல்லிவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் வீடு திரும்புவோம்.

ஈராண்டுகளுக்கு முன் அவ்வீட்டிற்கு நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு மருமகள் வந்தார். பழைய பகை அறியாதவர். ஒருநாள் மதிலுக்கு மேலாகக் கை நீட்டி, நான்கைந்து தண்டுகளை எங்கள் மருமகளிடம் கொடுத்து, "அக்கா, இது எங்கள் அம்மா வீட்டுச் செடி. நிழலில் வையுங்கள், நன்றாக வரும்" என்றார்.

தாவர இயல் பயிலும் எங்கள் இளைய மகன் இலையை நோக்கிவிட்டு, "இது உர்ட்டிகேசி குடும்பம். தொட்டால் எரிக்கும் செடிகள் இக்குடும்பத்தில்தான்..." என்று தொடங்கினான். அவன் சொல்லி முடிக்குமுன் எங்கள் அன்னை வெகுண்டார்.

"காஞ்சொறிச் சாதியா? குழந்தை தவழுகிற வீட்டிலா? அந்தக் குடும்பத்திலிருந்து வேறென்ன வரும்!"

அன்னை சொன்னது செடியின் குடும்பத்தையா, அடுத்த வீட்டுக் குடும்பத்தையா என்று நாங்கள் கேட்கவில்லை. விடை எங்களுக்குத் தெரியும். தண்டுகள் தொட்டிக்குப் பின்னால் வீசப்பட்டன. நாங்கள் வாளாவிருந்தோம்.

தொட்டியிலிருந்து கசிந்த நீரில் அவற்றுள் இரண்டு வேரூன்றின. மூன்று வாரங்களில் புதுத்தளிர் தோன்றிற்று. மகன் அன்று சொல்ல வந்ததை அப்போதுதான் முழுமையாகக் கேட்டோம்.

எரித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அக்குடும்பப் பெயர். அக்குடும்பத்துச் செடிகள் சிலவற்றில் கண்ணாடி ஊசி போன்ற நுண்மயிர்கள் உண்டு. தொட்டவுடன் நுனி முறிந்து, எரிச்சலூட்டும் நீரைத் தோலினுள் செலுத்தும். நீலகிரி மலையில் அத்தகையவை வளர்கின்றன. ஆயினும், கொட்டும் மயிர் அறவே இல்லாத செடிகளும் அதே குடும்பத்தில் பல உள. துணி நெய்ய நார் தரும் ராமி அவற்றுள் ஒன்று. எங்கள் செடி மற்றொன்று. இன்னும் வியப்பு யாதெனில், நம் வேலிகளில் படர்ந்து காலைச் சுடும் காஞ்சொறி இக்குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று! அது ஆமணக்குக்கும் மரவள்ளிக்கும் உறவு. எவரோ செய்த குற்றத்தை எவர் தலையிலோ சுமத்தியிருந்தோம்.

இலையின் வெள்ளிக்கும் காரணம் உண்டு. மேல்தோல் சிற்சில இடங்களில் அடிப்பகுதியை விட்டு விலகி நிற்க, இடையே காற்று தங்குகிறது. அங்கே ஒளி பட்டுத் திரும்புவதால் வெள்ளியாய் மின்னுகிறது. இதனாலேயே செடி விற்போர் இதை 'அலுமினியச் செடி' என்பர்.

நூல்களில் இதன் பெயர் பிலியா காதியேரி. வியட்நாமும் தென்சீனமும் இதன் தாயகம். 1930களின் இறுதியில் பிரெஞ்சுத் தாவர இயலார் இதற்குப் பெயரிட்டபோது, ஒரு கத்தோலிக்கக் குருவை நினைவுகூர்ந்தனர். அவர் பாரீஸ் அந்நிய வேதபோதக சபையைச் சேர்ந்த தந்தை லெயோப்போல்ட் காதியேர். புதுச்சேரி மறைப்பணியையும் நெடுங்காலம் நடத்திய சபை அது. 1869இல் பிறந்த அவர், 1892இல் வியட்நாம் சென்று, அம்மக்களின் மொழியையும் வழக்கங்களையும் சமய உணர்வையும் ஆண்டுக்கணக்கில் அன்போடு ஆராய்ந்து எழுதினார். போர்க்காலத்தில், 1946 இறுதியிலிருந்து 1953 வரை வின் நகரில் காவலில் வைக்கப்பட்டார். விடுதலை பெற்றபின்னும் தாய்நாடு திரும்பாமல், 1955இல் ஹுவே நகரிலேயே கண்மூடினார்.

கடல் கடந்து சென்ற அவர் அயல் மக்களை அத்தனை ஆண்டுகள் அறிந்து அன்பு செய்தார். நாங்களோ ஒரு மதிலுக்கு அப்பாலிருந்த குழந்தைகளின் பெயர்களைக்கூட அறியாதிருந்தோம். இதை எண்ணியபோது வெட்கம் எங்களை வாட்டிற்று.

வளர்க்க விரும்பும் வாசகர்களுக்குச் சில குறிப்புகள்: நேர்வெயில் பட்டால் இலை கருகும்; திண்ணையோரமோ மரநிழலோ போதும். செம்மண்ணோடு மணலும் மட்கிய இலையுரமும் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நடுக. மேல்மண் காய்ந்தபின் நீர் விடுக. தேங்கினால் வேர் அழுகும். 3 அங்குலத் தண்டைக் கிள்ளி, கீழிலைகளை அகற்றி ஊன்றினால் எளிதில் வேர்விடும். அவ்வப்போது நுனியைக் கிள்ளாவிடில் தண்டு நீண்டு சாய்ந்துவிடும்.

எங்கள் செடியும் அவ்வாறே சாயத் தொடங்கிற்று. ஒரு மாலையில் பேரக்குழந்தை தவழ்ந்து சென்று அதன் இலையைப் பற்றி இழுத்தது. அன்னை பதறி ஓடினார். குழந்தையோ சிரித்தது. அன்னை தாமும் அவ்விலையைத் தடவினார். தம் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெடுநேரம் பேசவில்லை. பின்பு எங்கள் மருமகளை அழைத்து, "தண்டு சாய்கிறதே, என்ன செய்வதென்று அந்தப் பெண்ணிடம் கேட்டு வா. வேண்டாம், அவளையே இங்கு வரச் சொல்" என்றார்.

அந்தப் பெண் வந்தார். "பாட்டி" என்று அழைத்து அருகில் அமர்ந்து, எந்தக் கணுவில் கிள்ளுவது என்று காட்டினார். அன்னை, "சாப்பிட்டாயா தாயி?" என்று கேட்டார்.

பகை முற்றும் தீர்ந்ததென்று சொல்லோம். மதில் இன்னும் நிற்கிறது. இரு வீட்டு ஆண்களும் வாய் திறக்கவில்லை. இந்தத் தவக்காலத்திற்குள் நாங்களே அவ்வீட்டுப் படியேறுவதென்று தீர்மானித்துள்ளோம். செடி அவர்களுடையது, அதையே திருப்பிக் கொடுப்பது அழகாகாது. ஆனால் கையில் எடுத்துச்செல்ல, முறுக்குக்குப் பேர்போன மணப்பாறையில் பொருளுக்கா பஞ்சம்? முதல் அடி எடுத்துவைக்கும் துணிவை மட்டும் இறைவனிடம் கேட்கிறோம்.