மாட்டுவால் குழம்பும் மதுரைக்காரனும்

செப்டம்பர் ஒண்ணாம் தேதி காலையில மணிலாவுல ஜீப்னியில ஏறினீங்கன்னா, டிரைவர் கிறிஸ்துமஸ் பாட்டு போட்டிருப்பார். விளையாட்டுக்குச் சொல்லலைங்க. 'பெர்'னு முடியுற நாலு மாசமும் பிலிப்பைன்ஸ்ல கிறிஸ்துமஸ் மாசம்தான். 2007-ல நான் வந்து இறங்கினது ஒரு செப்டம்பர். கொட்டுற மழையில தெருவெல்லாம் நட்சத்திர விளக்கு தொங்கினதைப் பார்த்துட்டு, போன வருஷத்துதை இன்னும் கழட்டலை போல, நம்ம ஊர் தேர்தல் போஸ்டர் மாதிரின்னு நினைச்சுக்கிட்டேன்.

வேலை ஒர்த்திகாஸ்ல. தங்கினது பக்கத்துல காயிந்தாங்கிற ஊர்ல, ஒரு வீட்டு மாடியறை. பசங்க படிப்பு, வயசான மாமியார் இத்தியாதி காரணங்களால தங்கமணி மதுரையிலேயே இருந்துட்டாங்க. நமக்கு லீவு ஏப்ரல்-மே. ஆக டிசம்பர் எல்லாம் நான் காயிந்தாவாசி.

கீழ் வீட்ல வீட்டுக்காரம்மா, எழுபதை நெருங்கிக்கிட்டு இருந்தவங்க. இந்த ஊர்ல பாட்டியை 'லோலா'ன்னு கூப்பிடுவாங்க, நானும் அப்படியே கூப்பிட்டேன். அவங்க என்னை 'அனாக்'னாங்க. பிள்ளைன்னு அர்த்தம். மகன் குடும்பத்தோட பக்கத்துத் தெரு. மூத்த மகள் சவுதியில நர்ஸ். அந்த மகளை எல்லாரும் 'ஆத்தே'ன்னுதான் சொல்வாங்க. அக்கான்னு அர்த்தம். நம்ம ஊர்ல அதிர்ச்சியானா சொல்ற அதே ஆத்தேதான் உச்சரிப்பும். முதல் தடவை கேட்டப்ப என்னமோ ஏதோன்னு திரும்பிப் பார்த்தேன் :-)

சிக்கல் என்னன்னா, நான் சைவம். (மதுரையில பொறந்துட்டு சைவமான்னு கேக்காதீங்க, அது வேற கதை.) இந்த ஊர்ல சைவம்னா முதல்ல "சரி, அப்போ கோழி?"ம்பாங்க. அதுவும் இல்லைன்னா "மீன்?" அதுவும் இல்லைன்னா முகத்தைப் பரிதாபமா வச்சுக்கிட்டு, உடம்புக்கு என்னன்னு கேப்பாங்க. லோலாவும் கேட்டாங்க. டாக்டர் சொன்னாரான்னு கேட்டாங்க. இல்லை, அம்மா சொன்னாங்கன்னேன். அதுக்கப்புறம் அதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கலை.

விசேஷச் சாப்பாட்டுக்கு இங்க 'ஹாண்டா'ன்னு பேர். பிறந்தநாளோ, ஞானஸ்நானமோ, ஊர்த்திருவிழாவோ, "ஹாண்டா உண்டா?"ன்னுதான் முதல் கேள்வி. பிறந்தநாள்னா பன்சிட் கட்டாயம். சீனாக்காரங்க கொண்டு வந்த நூடுல்ஸ்தான். நூல் நீளமா இருந்தா ஆயுசும் நீளமாம், அதனால வெட்டக்கூடாது. சின்னப் பசங்களுக்கு ஸ்பாகெட்டி. இத்தாலிக்காரன் பார்த்தா அழுதுடுவான். சர்க்கரை போட்ட சாஸ், சிவப்புக் கலர் சாசேஜ், வாழைப்பழ கெட்சப். இந்த வாழைப்பழ கெட்சப்பைக் கண்டுபிடிச்சவங்க மரியா ஒரோசான்னு ஒரு உணவு வேதியியல் நிபுணி, 1945-ல மணிலா சண்டையில குண்டடிபட்டு இறந்துபோனாங்க. சில்லுனு இனிக்குற அந்த சாஸுக்குப் பின்னாடி இவ்வளவு இருக்குன்னு எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

பணம் இருக்கிற வீட்டு ஹாண்டாவுல நடுநாயகமா லெச்சோன், அதாவது முழுப் பன்றியைக் கரி நெருப்புல மணிக்கணக்கா திருப்பித் திருப்பி வாட்டினது. மறுநாள் மிச்சத்தை வினிகர் ஊத்தி பக்சீவ் ஆக்குவாங்க. என் பங்குக்கு நான் அது கண்ணைப் பார்க்காத பக்கமா உட்கார்ந்துக்குவேன்.

எனக்குன்னு மேசையில இருந்தது லெச்சே ஃப்ளான். முட்டை மட்டும் இந்த ஊருக்கு வந்தப்புறம் எனக்கு சைவமாயிடுச்சு, தங்கமணிகிட்ட சொல்லிடாதீங்க. நீள்வட்டத் தகர அச்சு ஒண்ணு இருக்கு, லியானெரான்னு பேர். அதுலயே சர்க்கரையைப் போட்டு நேரா அடுப்பு மேல பிடிச்சு உருக்கணும். அது மேல வெறும் மஞ்சக்கரு, பத்துப் பன்னெண்டு, கண்டென்ஸ்ட் மில்க்கோட கலந்து வடிகட்டி ஊத்தி ஆவியில வேக வைக்கணும். நம்ம இட்லிக் கொப்பரை மாதிரி ஒண்ணுலதான். கவுத்துத் தட்டினா தேன் கலர்ல ஆடிக்கிட்டே இறங்கும். மிச்சமான வெள்ளைக்கரு எல்லாம் எனக்கு மூணு நாள் ஆம்லெட்.

அப்புறம் விருந்து முடிஞ்சு பொட்டலம் கட்டுறதுக்கு இங்க 'ஷரோன்'னு ஒரு பேர் உண்டு. ஷரோன் குனேட்டாங்கிற பிரபல பாடகியோட பழைய பாட்டு ஒண்ணுல ஒரு சொல் வரும், அதுக்குப் போர்த்துறதுன்னும் அர்த்தம், பொட்டலம் கட்டுறதுன்னும் அர்த்தம். அவ்வளவுதான், பாவம், அந்தம்மா பேரே பார்சலுக்கு ஆகுபெயராயிடுச்சு. தொல்காப்பியர் இருந்தா குறிச்சு வச்சிருப்பார்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி பூசை முடிஞ்சு நடுராத்திரியில குடும்பமா உட்கார்ந்து சாப்பிடுறதுதான் நோச்சே புவேனா. ஹாம், சிவப்பு மெழுகு பூசின உருண்டைச் சீஸ் எல்லாம் எல்லா வீட்லயும் இருக்கும். லோலா வீட்ல அதெல்லாம் துணைக்கு. ராஜா, கரே-கரே.

மாட்டு வால், குடல், வேர்க்கடலை, வறுத்த அரிசி மாவு. இதுல குடலுக்கு இங்க 'துவால்யா'ன்னு பேர், பார்க்க டர்க்கி டவல் மாதிரி இருக்கிறதால. துவாலைதாங்க! நமக்குப் போர்த்துகீசியர் கொடுத்த சொல்லை இவங்களுக்கு ஸ்பானியர் கொடுத்திருக்காங்க. கூட காராமணிக்காய், கத்தரிக்காய், பெச்சாய்க் கீரை, வாழைப்பூ. குழம்புல உப்பே போட மாட்டாங்க. கூனி இறாலை உப்புல புளிக்க வச்ச பாகூங் பக்கத்துல இருக்கும், அதைத் தொட்டுக்கணும்.

முதல் வருஷம் லோலா என்கிட்ட, "இது உங்க ஊர் ஆளுங்க கொண்டு வந்ததுதான் அனாக்"ன்னாங்க. மெட்ராஸ்ல இருந்து கிளம்பின பிரிட்டிஷ் படை 1762 அக்டோபர்ல மணிலாவைப் பிடிச்சது. 1764-ல திருப்பிக் கொடுத்துட்டுக் கிளம்பினப்ப, கூட வந்த சிப்பாய்கள்ல சில பேர் கப்பல் ஏறாம இதே காயிந்தாவுல தங்கிட்டாங்க. இது சரித்திரம். அவங்க ஊர்க் கறி நினைப்புல கிடைச்சதை வச்சுப் பண்ணினது கரே-கரே ஆச்சுங்கிறது ஊர்க்கதை. இல்லை, பம்பாங்கா மாகாணத்துப் பலகாரம் அதுன்னு சண்டை போடுறவங்களும் உண்டு. எனக்கும் சந்தேகம்தான். மல்லி இல்லை, மிளகு இல்லை, மிளகாய்கூட இல்லை. வேர்க்கடலையும், கலருக்குப் போடுற அத்சுவேத்தே விதையும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. ஆனா ஊருக்குத் திரும்பாத ஆளு சமைச்சா இப்படித்தான் இருக்கும்னு தோணுற ருசி அது.

ருசி எனக்கெப்படித் தெரியும்னு கேக்குறீங்களா? லோலா எனக்குத் தனிச் சட்டி வைப்பாங்க. எலும்புத் தண்ணிக்குப் பதிலா அரிசி கழுவின இரண்டாந் தண்ணி. பாகூங் நான் தொடமாட்டேன்னு உப்பும் போட்டு. (முதல் வருஷம் பாகூங்கை நீட்டி, இது மாமிசம் இல்லையே, சாஸ்தானேன்னாங்க.) அதுக்குப் பதிலா நான் எடுபிடி. வால் கழுவுறது மட்டும் லோலா. கடலை வறுக்கிறது, தோல் புடைக்கிறது, அரிசி வறுத்து அரைக்கிறது, அடிப்பிடிக்காமக் கிண்டுறது எல்லாம் அடியேன். வாழைப்பூவுலதான் தகராறு. நாம கள்ளன் எடுத்துச் சமைக்கிற பூவை எல்லாம் அவங்க குப்பையில போட்டுட்டு, உள்ள இருக்கிற வெள்ளைக் குருத்தை மட்டும் நறுக்குவாங்க. நான் குப்பையில இருந்து பொறுக்கி எடுத்து மாடியில உசிலி பண்ணுவேன். லோலா பார்த்துச் சிரிப்பாங்க.

2009 செப்டம்பர் 26, ஒண்டோய் புயல். ஒரே நாள்ல 455 மில்லிமீட்டர். காயிந்தாவே ஏரியாயிடுச்சு. லோலா மாடிக்கு என் அறைக்கு வந்தப்ப கையில ரெண்டுதான் இருந்தது, மாதா சிலையும் கரே-கரே மண்சட்டியும். அந்த வருஷம் சுவத்துல சேத்துக்கோடு காயுறதுக்குள்ள டிசம்பர் வந்துடுச்சு. வாலு வாங்கக் காசில்லை, எல்லாருக்கும் என் சட்டிக் குழம்புதான். மகன் மட்டும் முனகிக்கிட்டே சாப்பிட்டான்.

2021-ல, கோவிட் சமயத்துல, லோலா போயிட்டாங்க. ஒன்பது நாள் ஜெபத்தையும் ஆத்தே சவுதியில இருந்து போன்லதான் பார்த்தாங்க. அந்த டிசம்பர்ல கடையில வாங்கின வறுத்த கோழி. யாரும் எதுவும் சொல்லலை.

அடுத்த வருஷம், 2022 டிசம்பர்ல, ஆத்தே வந்தாங்க. இருபத்தி நாலாந் தேதி காலையில மாடிக்கு வந்து, "கூயா, கரே-கரே வைக்கணும். எனக்குத் தெரியாது"ன்னாங்க. கூயான்னா அண்ணன். நான் அவங்களை அக்காங்கிறேன், அவங்க என்னை அண்ணங்கிறாங்க, அப்படி ஒரு ஊர். தெரியாதான்னேன். "படிக்கிற பொண்ணு அடுப்படிக்கு வரக்கூடாதுன்னு அம்மா விட்டதே இல்லை. அப்புறம் ஊரை விட்டே போயாச்சு"ன்னாங்க. கையில ஒரு பீநட் பட்டர் பாட்டில். சவுதியில இதை வச்சுத்தான் பண்றாங்களாம். பீநட் பட்டர் போடுறவளை லோலா என்னன்னு திட்டுவாங்கன்னு சொன்னேன். சிரிச்சாங்க, அப்புறம் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க.

வால் நாலு மணி நேரம். அது ஆத்தே பொறுப்பு. நான் கடலை, அரிசி. ஏழு மணிக்கு எல்லாம் சேர்த்துக் கொதி வந்துடுச்சு. ஆத்தே ருசி பார்த்தாங்க. தலையாட்டினாங்க, இல்லைன்னு. கடலை சேர்த்தோம். இல்லை. பூண்டு வதக்கிக் கொட்டினோம். இல்லை. நான் ருசி பார்க்க முடியாது, உள்ள வாலு கிடக்கு. "ஒரு சொட்டு... நாக்குல வச்சுத் துப்பிடு கூயா"ன்னாங்க. கண்ணு கலங்கியிருந்தது. கரண்டியை வாங்கிட்டேன். நிஜமாவே வாங்கிட்டேங்க. வாய்கிட்ட கொண்டு போனேன், திருப்பி வச்சுட்டேன். அம்மா நினைப்பு வந்துதா, லோலா நினைப்பு வந்துதான்னு இப்பக் கேட்டாலும் சொல்லத் தெரியலை.

அப்பத்தான் தோணிச்சு. "ஆத்தே, என் சட்டியை வைங்க."

அரிசி கழுவின தண்ணி, கடலை, அதே மாவு, உப்பு. பத்து நிமிஷத்துல கெட்டியாச்சு. வாயில வச்சதுமே தெரிஞ்சுபோச்சு. மாவு பச்சையா இருக்கு. கருகிடுமோன்னு பயந்து பொன்னிறத்துலயே இறக்கிட்டேன். லோலா விடமாட்டாங்க, இன்னும் இன்னும்பாங்க. எங்க பாட்டி பொருள்விளங்கா உருண்டைக்கு அரிசி வறுக்கும்போது தெருமுனை வரைக்கும் ஒரு வாசனை வரும் பாருங்க, அது வரணும். மறுபடியும் ரெண்டு கப் அரிசி, காப்பிக்கொட்டைக் கலருக்கு வறுத்து அரைச்சுக் கொண்டு வந்தேன். ரெண்டு சட்டியிலயும் போட்டோம்.

ஆத்தே ருசி பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லலை. அடுப்பை அணைச்சு மூடி போட்டுட்டு, பூசைக்கு நேரமாச்சு, குளிச்சுட்டு வர்றேன்னு போயிட்டாங்க. குளியலறையில தண்ணி ரொம்ப நேரம் ஓடிக்கிட்டே இருந்தது.

நடுராத்திரி மகன் மூணு தட்டு சாப்பிட்டான். அண்டை வீட்டுக்காரங்க ஷரோன் பண்ணிக்கிட்டுப் போனாங்க. மண்சட்டியைக் கழுவினது நான்தான்.

ஜனவரியில ஆத்தே கிளம்புறதுக்கு முந்தின நாள் ரெண்டு கிலோ அரிசி வறுத்து அரைச்சுக் கொடுத்தேன். இந்த ஊர்ல எல்லாப் பண்டமும் கடைசியில போய்ச் சேர்ற இடமான காலி ஐஸ்கிரீம் டப்பாவுல அடைச்சு, சுத்தி டேப் ஒட்டினாங்க. "கஸ்டம்ஸ்ல இந்தப் பழுப்புப் பொடி என்னன்னு கேட்டா என்ன சொல்றது?"ன்னாங்க.

கறிப்பொடின்னு சொல்லுங்க ஆத்தேன்னேன்.