மாட்டலாம்... ஆனா புடிக்குமா?

உங்க வீட்டுப் பீரோ மேலயோ பரண்லயோ ஒரு பழைய கேமரா பை கிடக்குதா? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். "புது மிரர்லெஸ் பாடி ஒண்ணு வாங்கி அடாப்டர் போட்டா, பழைய லென்ஸ் எல்லாத்தையும் யூஸ் பண்ணலாம்"னு யாராவது உங்ககிட்ட சொல்லியிருப்பாங்க. நானும் அதைச் சொல்லித்தான் எங்க அப்பாவைச் சம்மதிக்க வைக்கப் பார்த்தேன்.

அப்பா உடுமலையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். பாஸ்போர்ட் சைஸ், லேமினேஷன், சீசன் வந்தால் கல்யாணம், காதுகுத்து. ஃபிலிம் காலத்து நிக்கான் எஃப்எம்2 ஒன்று இன்னும் கடைக் கண்ணாடி அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. அதோடு மூன்று லென்ஸ். 50 மி.மீ. எஃப் 1.8, 105 மி.மீ. எஃப் 2.5, இரண்டும் கையால் திருப்பி ஃபோகஸ் செய்கிறவை. மூன்றாவது 80-200 எஃப் 2.8, ஏஎஃப்-டி ரகம். ஒரு கிலோவுக்கு மேல் எடை. எங்க வீட்டுக்குச் சோறு போட்டது அந்த லென்ஸ்தான்.

அப்பா இப்போ வேலைக்கு எடுத்துட்டுப் போற டிஎஸ்எல்ஆர் வாங்கி பத்து வருஷமாச்சு. ஷட்டர் தேய்ந்துவிட்டது. அடுத்த சீசனுக்குள் வேறு பாடி வாங்கியே ஆகணும்.

அந்த நேரத்துலதான் நான் நிக்கான் இசட்எஃப்பைப் பார்த்தேன். 2023-இல் வந்த கேமரா. ஃபுல் ஃபிரேம், 24.5 மெகாபிக்சல், உள்ளேயே ஸ்டெபிலைசேஷன். எல்லாத்துக்கும் மேல, பார்க்க அப்படியே அப்பாவோட எஃப்எம்2 மாதிரி. மேலே டயல், பித்தளை, கறுப்பு. மனசு அங்கேயே போயிடுச்சு. விலை ஒன்றரை லட்சத்துக்கு மேல். என்கிட்ட இன்டர்ன்ஷிப் ஸ்டைபண்ட் சேர்த்த பணம் கொஞ்சம் இருந்தது. மீதிக்கு அப்பா கட்டிவந்த சீட்டை எடுக்கணும். அந்தச் சீட்டு என் கடைசி வருஷ ஃபீஸுக்குன்னு வச்சிருந்தது.

"லென்ஸ் மூணும் நம்மகிட்டயே இருக்குப்பா. பாடியும் அடாப்டரும் மட்டும் வாங்கினா போதும்"னு சொன்னேன்.

அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மாட்டலாம் சாமி. முகூர்த்தத்துல புடிக்குமா?"

"அதெல்லாம் புடிக்கும்பா"ன்னுட்டேன். உண்மையில எனக்குத் தெரியாது.

தெரியாமச் சொல்லிட்டோமேன்னு உறுத்தினதால அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதை உங்களுக்கும் சொல்றேன்.

லென்ஸ் பூட்டுகிற வளையத்திலிருந்து சென்சார் வரைக்கும் உள்ள தூரம் ஒவ்வொரு கேமரா சிஸ்டத்துக்கும் ஒரு அளவு. 1959-இல் வந்த நிக்கானின் பழைய எஃப் மவுண்டுக்கு அது 46.5 மி.மீ. 2018-இல் வந்த இசட் மவுண்டுக்கு 16 மி.மீ. மிரர் இல்லாததால் லென்ஸ் அவ்வளவு கிட்ட வரமுடிகிறது. வித்தியாசம் 30.5 மி.மீ. எஃப்டிஇசட் என்கிற அடாப்டர் அந்த நீளத்தை நிரப்புகிற குழாய். உள்ளே கண்ணாடி கிடையாது, வெறும் காற்று. அதனால் படத்தின் தரம் அடாப்டரால் குறையாது.

இதுவே தலைகீழா இருந்தா வம்பு. 12-ஆம் வகுப்பு ஆப்டிக்ஸை ஞாபகப்படுத்திக்கோங்க. 50 மி.மீ. லென்ஸை இருக்கவேண்டிய இடத்திலிருந்து வெறும் 1 மி.மீ. முன்னால் தள்ளி வைத்தால், அதனால் ஃபோகஸ் செய்ய முடிகிற அதிகபட்ச தூரம் சுமார் இரண்டரை மீட்டர்தான். அதுக்கு அப்பால் எல்லாமே மங்கல். 1987-இல் கேனன் தன்னுடைய எஃப்டி மவுண்டை விட்டுட்டு இஎஃப் மவுண்டுக்கு மாறினப்போ அந்தத் தூரம் 42-இலிருந்து 44 மி.மீ. ஆயிடுச்சு. இரண்டே மில்லிமீட்டர். பழைய லென்ஸ் வச்சிருந்தவங்களுக்கு, இடையில் கண்ணாடி வைத்த அடாப்டர் இல்லாம தூரத்துப் படம் எடுக்க வழியில்லாமப் போச்சு.

ஆக, "மாட்டலாமா" என்கிற கேள்விக்கு எங்க கேஸில் பதில் ஆமாம். அடுத்தது "புடிக்குமா".

ஏஎஃப்-டி லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. கேமரா பாடிக்குள்ள இருக்கிற மோட்டார், மவுண்ட் வழியா நீட்டிக்கிட்டிருக்கிற ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர் முனையால் லென்ஸைத் திருப்பணும். அப்பாவோட டிஎஸ்எல்ஆரில் அது இருக்கு. இசட்எஃப்பிலும் இல்லை, எஃப்டிஇசட் அடாப்டரிலும் இல்லை, அடுத்து வந்த எஃப்டிஇசட் 2-இலும் இல்லை. லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் ரகமாக இருந்தால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும். நம்ம 80-200 அந்த ரகம் இல்லை.

படிச்சதும் வயித்துல என்னமோ பண்ணுச்சு. ஆனாலும் ஆசை விடலை. "அப்பா ஃபிலிம் காலத்துல கையாலதானே ஃபோகஸ் பண்ணினார், சமாளிச்சுடுவார்"னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கோவையில் ஒரு நாள் வாடகைக்கு இசட்எஃப்பையும் அடாப்டரையும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை பேரனுக்குக் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து.

குழந்தை தாய்மாமா மடியில. ஆசாரி கம்பியை எடுத்தார். அப்பா 80-200-ஐப் புதுக் கேமராவில் மாட்டி, வளையத்தைத் திருப்பிக்கிட்டே இருந்தார். குழந்தை வீல்னு கத்தி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுச்சு. அப்பா வலது பக்கம் திருப்பறப்ப குழந்தை இடது பக்கம் போயிருந்தது. முதல் காது முடிஞ்சுது. ரிவ்யூ பார்த்தால் பாதிக்கு மேல மாமாவோட சட்டைப் பொத்தான்தான் ஷார்ப்.

அப்பா ஒரு வார்த்தை பேசலை. ஆசாரி குழந்தையைச் சமாதானப்படுத்தற இடைவெளியில் லென்ஸைக் கழற்றி, தோள்ல தொங்கிட்டிருந்த பழைய டிஎஸ்எல்ஆரில் மாட்டினார். கர்ர்னு ஒரு சத்தம், பாடி மோட்டார் லென்ஸைத் திருப்புகிற சத்தம். சின்ன வயசுல கல்யாண மண்டபங்கள்ல தூக்கக் கலக்கத்துல கேட்டு வளர்ந்த சத்தம் அது. இரண்டாவது காது, குழந்தை கண்ணீர், மாமா முகம், எல்லாமே விழுந்துடுச்சு.

கதை இங்கேயே முடிஞ்சிருந்தா நானும் நிம்மதியா இருந்திருப்பேன். மத்தியானம் பந்தி முடிஞ்சதும் அப்பா தானாகவே 105-ஐ எடுத்து இசட்எஃப்பில் மாட்டினார். அந்த லென்ஸ் பதினஞ்சு வருஷமா சும்மா இருந்தது. எஃப்எம்2-வில் ஃபோகஸ் பார்க்க நடுவில் பிளவுபட்ட வட்டம் ஒண்ணு இருக்கும். டிஎஸ்எல்ஆர் வியூஃபைண்டரில் அது இல்லை. அப்பாவுக்கும் கண்ணாடி போட்டாத்தான் தெரியும்னு ஆயிடுச்சு. அதனால் மெல்ல அதை ஒதுக்கிட்டார்.

நான் மெனுவில் போய் 105 மி.மீ.ன்னு பதிஞ்சேன். சிப் இல்லாத லென்ஸுக்கு நாம் சொன்னால்தான் ஸ்டெபிலைசேஷனுக்கு எவ்வளவு அசையணும்னு தெரியும். அப்பர்ச்சர் லென்ஸ் வளையத்திலேயே. அப்பத்தா வேப்ப மரத்தடியில உட்கார்ந்திருந்தாங்க. வியூஃபைண்டரில் ஒரு பட்டனை அழுத்தினா முகம் பெரிசாகும். அப்பா ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவே இல்லை.

"இமை மயிர் தெரியுது சாமி"ன்னார்.

அந்தப் படம் இப்போ ஸ்டுடியோ சுவத்துல இருக்கு.

திரும்பி வர்ற பஸ்ஸில் கணக்குப் போட்டோம். இசட்எஃப் வாங்கினால் 80-200 வேலைக்கு ஆகாது. அதுக்குப் பதிலா இசட் மவுண்டில் ஒரு 70-200 எஃப் 2.8 வாங்கணும். அது பாடியை விடக் குறைஞ்ச விலையில் வராது. "லென்ஸ் நம்மகிட்டயே இருக்கு"ன்னு நான் சொன்னது பாதிப் பொய். நான் சொன்ன பட்ஜெட் நிஜத்தில் இரண்டு மடங்கு. அப்பா மாட்டேன்னு சொல்லலை. "உனக்கு வேணும்னா எடுத்துக்கலாம். எனக்காகன்னு சொல்லாத" என்றார். அந்த வார்த்தை சுருக்குன்னு தைச்சது. கேமரா எனக்குத்தான் வேண்டியிருந்தது. அதுக்கு அப்பாவோட லென்ஸையும் அவர் தொழிலையும் சாக்காக்கியிருந்தேன்.

கடைசியில் உள்ளே மோட்டார் உள்ள இன்னொரு டிஎஸ்எல்ஆரை, ஷட்டர் எண்ணிக்கை பார்த்து, செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். என் ஸ்டைபண்ட் பணத்தோடு அப்பா கொஞ்சம் சேர்த்துப் போட்டார். சீட்டைத் தொடலை.

உங்களுக்கும் அதே முடிவுதான்னு சொல்ல வரலை. உங்ககிட்ட இருக்கிறது ஏஎஃப்-எஸ் லென்ஸ்னா தாராளமா மாறலாம். எல்லாமே மேனுவல் லென்ஸ், எடுக்கிறது தெருவும் முகமும் ஆசைக்குன்னா, மிரர்லெஸ் மாதிரி பழைய லென்ஸுக்கு நல்ல வீடு கிடையாது. ஆனா காசு எண்ணி வைக்கிறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க. லென்ஸுக்குள்ள போன் டார்ச் அடிச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா அது பூஞ்சை. நம்ம ஊர் ஈரத்துக்குப் பரண்ல கிடந்த லென்ஸில் அது சகஜம். அப்பர்ச்சர் இதழ்கள் எண்ணெய் படிஞ்சு ஒட்டுதான்னு பாருங்க. அப்புறம் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, நீங்க நிஜமா எடுக்கப்போற வேலைக்கே கொண்டுபோங்க. கடை கவுண்டரில் மாட்டிப் பார்த்தா எல்லா லென்ஸும் நல்லாத்தான் இருக்கும். காது குத்தறப்பதான் தெரியும்.

105 இப்போ சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு ஒரு டிபன் பாக்ஸில் பத்திரமா இருக்கு. போன வாரம் போன் பண்ணினப்போ, சாப்பிட்டியா, பரிட்சை எப்போன்னு எல்லாம் கேட்டுட்டு, வைக்கறதுக்கு முன்னாடி அப்பா மெல்லக் கேட்டார்:

"அந்தக் கேமரா ஒரு நாள் வாடகை எவ்வளவுன்னு சொன்னே?"