மல்லாட்டைக் கொல்லைக்கு ஒரு கேமரா

முதல் கேமரா வாங்கப் போனால் கடைக்காரர் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை மெகாபிக்சல் வேணும்?" நான் அவரிடம் திருப்பிக் கேட்டது, "வெயில்ல தெரியுமா?" மனுசன் ஒரு மாதிரியா பார்த்தார். ஏ.சி. கடைக்குள்ள எல்லாக் கேமராவும் பளிச்சுனுதான் தெரியும். என் கொல்லையில மதியம் பன்னண்டு மணிக்கு நின்னு பாக்கணும்.

இது 2009-ல். எனக்குக் கேமரா எதுக்குன்னு பட்டணத்து நண்பர்கள் அப்பவே கேட்டாங்க. விருத்தாசலத்துல வேளாண் பல்கலைக்கழகத்தோட மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கு. வி.ஆர்.ஐ. மல்லாட்டை ரகங்கள் (உங்க பக்கம் வேர்க்கடலை) அங்கதான் பிறந்தது, முந்திரியிலயும் வி.ஆர்.ஐ. ரகம் உண்டு. இலையில புள்ளி விழுந்தா, சுருள்பூச்சி வந்தா, கிள்ளி மஞ்சப்பையில போட்டுக்கிட்டு அங்க ஓடுவேன். டவுன் பஸ்ல போய்ச் சேர்றதுக்குள்ள இலை வதங்கிடும், பூச்சி பையில இருக்காது. "எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டா வாயால எவ்வளவு சொல்றது? படம் இருந்தா காட்டிடலாம்.

முந்திரி வித்த காசுல பத்தாயிரம் ஒதுக்கினேன். வீட்டுல அதுக்கு வேற கணக்கு வச்சிருந்தாங்க. "மோட்டார் காயில் கட்டணும்னு சொன்னீங்களே, அதை விட்டுட்டு மல்லாட்டை எலையப் படம் புடிக்கவா?" நியாயமான கேள்விதான். அதனாலேயே ஒரு வாரம் யோசிச்சு, விசாரிச்சு, அப்புறம்தான் வாங்கினேன்.

கடைசியில மூணு நின்னுச்சு: கேனான் ஏ1100, நிக்கான் எல்20, சோனி டபிள்யூ210. சோனி ஒல்லியா, அழகா, சட்டைப் பையில போடுற மாதிரி இருந்துச்சு. 12 மெகாபிக்சல். ஆனா அதுக்குன்னு தனி பேட்டரி, அதை சார்ஜ் பண்ணக் கரண்ட் வேணும். எங்க ஊர்ல கரண்ட் எப்ப வரும்னு லைன்மேனுக்கே தெரியாது. கார்டும் மெமரி ஸ்டிக்னு தனி ரகம். நிக்கானும் கேனானும் சுவர்க்கடிகாரத்துக்குப் போடுற பேட்டரி கட்டை ரெண்டுல ஓடும். எஸ்.டி. கார்டு போடலாம். செல்போன் கடையில பாட்டு ஏத்தித் தர்ற சின்ன கார்டை அடாப்டர்ல சொருகினாலும் போதும். நிக்கான்ல திரை பெருசு, 3 அங்குலம். 10 மெகாபிக்சல்தான், ஆனா அது எனக்குப் பெரிய குறையாத் தெரியலை. 6க்கு 4 அளவுல பிரிண்ட் போட 2 மெகாபிக்சல் தாராளம். அப்ப இருந்த கம்ப்யூட்டர்ல பாக்க அதுகூட வேணாம். கடைக்காரங்க இதைச் சொல்ல மாட்டாங்க.

மூணையும் கடைவாசலுக்கு எடுத்துட்டுப் போய் வெயில்ல புடிச்சுப் பார்த்தேன். திரையில என் மூஞ்சிதான் தெரிஞ்சுது. கேனான்ல மட்டும் மேல ஒரு சின்னக் கண்ணாடி ஓட்டை, பழைய ஃபிலிம் கேமரா மாதிரி கண்ணு வச்சுப் பாக்கலாம். அதோட என் யோசனை முடிஞ்சுது. ஒண்ணு சொல்லணும்: கிட்டத்துல இலையை எடுக்கிறப்ப அந்த ஓட்டையை நம்பக்கூடாது. அது லென்ஸுக்கு மேல இருக்கிறதால பாக்கிறது ஒண்ணு, விழுறது ஒண்ணா ஆயிடும். அப்ப தலையில துண்டைப் போட்டு மறைச்சுக்கிட்டுத் திரையைப் பாக்கணும், அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர் மாதிரி. ஆடு மேய்க்கிற பசங்களுக்கு அது ஒரு வேடிக்கை.

பேட்டரியில ஒரு விசயம். பெட்டிக்கடையில விக்கிற மலிவுக் கட்டை நாலஞ்சு படத்துல படுத்துடும். ஆல்கலைன் வாங்குங்க. அதைவிட ரீசார்ஜ் கட்டை நாலு வாங்கிட்டா, ரெண்டு கேமராவுல, ரெண்டு சார்ஜர்ல. கரண்ட் வந்து வந்து போனாலும் மறுநாளைக்குத் தயாரா இருக்கும்.

எங்க ஊருக்கு இன்னொரு பேர் செராமிக் ஊர். அதுக்குன்னே தொழிற்பேட்டை இருக்கு, டிப்ளமோ படிக்க அரசு நிறுவனமும் இருக்கு. அங்க காயப்போட்ட ஃபியூஸ் கட்டைகளைப் படம் எடுத்தப்ப அவ்வளவும் சாம்பல் கலர்ல வந்துச்சு. வெள்ளையைக் கண்டா கேமரா வெளிச்சம் அதிகம்னு நினைச்சுக் குறைச்சிடும். எக்ஸ்போஷரை ஒரு படி ஏத்தினதும் பீங்கான் பீங்கானாத் தெரிஞ்சுது. எந்தக் கம்பெனி கேமராவா இருந்தாலும் இதுதான்.

2011 டிசம்பர் 30 காலையில தானே புயல் அடிச்சுது. கடலூர் மாவட்டத்துல முந்திரியும் பலாவும் படுத்ததைப் பேப்பர்ல பார்த்திருப்பீங்க. மழை விட்டதும் தேதி விழுற மாதிரி வச்சுக்கிட்டு, என் கொல்லை, பக்கத்துக் கொல்லைன்னு மரம் மரமா எடுத்தேன். கரண்ட் சுத்தமா இல்லை, மத்த ரெண்டு கட்டையிலதான் ஓட்டினேன். பக்கத்துக் கொல்லைப் பெரியம்மாவுக்குப் புருசன் இல்லை. கைச்செலவுக்கு வழியில்லாம, சாஞ்ச மரங்களைக் கணக்கெடுக்க வர்றதுக்கு முன்னாடியே வெறகுக்கு வித்துடுச்சு. வந்தவங்க வெறும் குழியைப் பார்த்துட்டு, "எத்தனை மரம்னு எப்படிம்மா எழுதுறது?"ன்னு கேட்டாங்க. நான் கேமராவைக் கொண்டுபோய் ஒவ்வொண்ணாத் தள்ளிக் காட்டினேன். தேதியைப் பார்த்தாங்க, குழியை எண்ணினாங்க, பதினொண்ணுன்னு எழுதிக்கிட்டாங்க.

எங்க வீட்டுல அதுக்கப்புறம் மோட்டார் காயில் பேச்சே எடுக்கலை. பெரியம்மா மட்டும், மிச்சம் நிக்கிற ஒத்தை மரத்துக்குக் கீழ தன்னை ஒரு படம் எடுத்துக் குடுக்கச் சொல்லிச்சு. எடுத்திருக்கேன். டவுன் ஸ்டுடியோவுல பிரிண்டுக்குக் குடுத்திருக்கு, வெள்ளிக்கிழமை வாங்கணும்.