உப்புக் காற்றும் சொகுசுக் காரும்

மாடு வாங்கச் சந்தைக்குச் செல்பவர் பணத்தை மடியிற் கட்டிக்கொண்டு தனியே போவதில்லை. மாட்டின் வாயைத் திறந்து பல்லை எண்ணத் தெரிந்த ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டுதான் போவார். பல் வயதைச் சொல்லும். குளம்பு நடையைச் சொல்லும். சுழி குணத்தைச் சொல்லும் என்பது நம் முன்னோர் நம்பிக்கை. தரகர் எத்துணைச் சாமர்த்தியசாலியாயினும், திறந்த வாயிலுள்ள பல்லை மறைக்க அவரால் இயலாது. ஆனால் வீட்டுக்கும் நிலத்துக்கும் அடுத்தபடியாக நம் குடும்பங்கள் பெரும் பணம் கொடுத்து வாங்கும் மோட்டார்க் காருக்கோ பல் இல்லை. அதன் வயதையும் வரலாற்றையும் விற்பவரின் வாயிலிருந்தே அறியவேண்டியிருக்கிறது. கார் வாங்குவதிலும் விற்பதிலும் உள்ள இடர்ப்பாடுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

நாம் வாழும் நுரைச்சோலை, பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி நோக்கிச் செல்லும் வீதியில், ஒருபுறம் இந்து சமுத்திரமும் மறுபுறம் புத்தளக் களப்பும் சூழ்ந்த மணற்பாங்கான குடாநாட்டிலே இருக்கிறது. வெளியூரார் இவ்வூரை அறிவது லக்விஜய அனல் மின்நிலையத்தினால். 2011ஆம் ஆண்டில் அதன் முதல் இயந்திரம் இயங்கத் தொடங்கியது. 2014ஆம் ஆண்டில் மூன்று இயந்திரங்களும் நிறைவுற்று 900 மெகாவாட் ஆற்றல் பெற்றது. எமக்கோ ஊரென்றால் வெங்காயப் பாத்தியும் மிளகாய்த் தோட்டமும் மீன்பிடி வள்ளமுமே முதலில் நினைவுக்கு வரும். லொறியும், 'லேண்ட் மாஸ்டர்' என்று எல்லோரும் அழைக்கும் கை உழவு இயந்திரமும், மோட்டார் சைக்கிளுமே இங்கு சோறு போடும் வாகனங்கள்.

எனினும், ஆண்டுகள் பல உழைத்த ஒரு குடும்பம், வயது முதிர்ந்த தாயாரைப் புத்தளம் ஆஸ்பத்திரிக்கு முதுகு நோகாமல் அழைத்துச் செல்ல வேண்டுமென்று நினைப்பதில் தவறில்லை. மகளின் கல்யாணத்தன்று மணமக்கள் சொந்தக் காரில் வந்திறங்க வேண்டுமென்று ஆசைப்படுவதும் மனித இயல்பே. அத்தகைய ஆசை நாடுவது பெரும்பாலும் 'செடான்' என்னும் வகைக் காரையே. நான்கு கதவுகளும், அகன்ற இருக்கைகளும், பொதிகளுக்கெனப் பின்னே தனிப் பெட்டியும் உடையது அது. அதைத் தேடிப் புறப்பட்டால் புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு, குருநாகல் என்று ஊர் ஊராக உள்ள 'கார் சேல்' முற்றங்களில் ஏறியிறங்க வேண்டும்.

அங்கே முதலில் நம்மைத் திகைக்க வைப்பது விலை. அதன் காரணத்தை மாணவர்களும் அறிந்திருத்தல் நலம். நம் நாட்டிற் காரின் விலையைத் தீர்மானிப்பது கார் மட்டுமன்று. நாட்டின் அந்நியச் செலாவணிப் பெட்டியுமாகும். 1960களின் முற்பகுதியிலே செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. மொறிஸ் மைனர், ஒஸ்டின் போன்ற கார்களைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்துப் பேரப்பிள்ளைகள் காலம்வரை ஓட்டிய குடும்பங்கள் இலங்கையிற் பல. 1977ஆம் ஆண்டின் பின்னர் கதவு திறந்தது. மீண்டும் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதையே அரசு இடைநிறுத்தியது. ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், அவ்வாண்டின் நடுப்பகுதியில் 360 ரூபாவளவுக்கு ஏறியது. புதிய கார் வராமையால், பழைய கார் ஓட ஓட விலையேறும் விந்தையைக் கண்டோம். வாங்கிய விலையிலும் கூடிய விலைக்கு, ஐந்தாண்டு ஓட்டிய பின்னர் விற்றவர்கள் உண்டு.

2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் கதவு திறந்தது. ஆனால் சுங்கவரி, எஞ்சினின் அளவுக்கேற்ற உற்பத்தி வரி, விலையுயர்ந்த கார்களுக்கான சொகுசு வரி, இவற்றின் மேல் 18 வீதப் பெறுமதி சேர் வரி என்று வரிமேல் வரி ஏறியது. ஆகையால் நடுத்தரக் குடும்பங்கள் பழைய காரையே நாடுகின்றன. டொயோட்டா நிறுவனம் பிரிமியோ, அலியன் என்னும் இரு செடான்களையும் 2021ஆம் ஆண்டிலேயே செய்வதை நிறுத்திவிட்டது. இங்கோ அவற்றின் மவுசு குறைந்தபாடில்லை.

நிற்க. 2023ஆம் ஆண்டில் நாமும் ஒரு பிரிமியோவை விற்க நேர்ந்தது. பதினைந்து வயதுக் காராயினும் அதனைப் பராமரித்த முறையில் எமக்குத் திருப்தியுண்டு. எண்ணெய் மாற்றிய நாள், பிரேக் மாற்றிய நாள் யாவும் ஒரு கொப்பியிற் குறிக்கப்பட்டிருந்தன. கடற்காற்று வீசும் மாதங்களில் வாரந்தோறும் காரின் அடிப்பாகத்தைக் கிணற்றுத் தண்ணீரால் கழுவுவது எங்கள் வீட்டு வழக்கம். உப்பு ஈரத்தை இழுக்கும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்பை விரைந்து கறள் தின்னும். சில்லுகளுக்கு மேலுள்ள வளைவும், கதவின் அடிவிளிம்பும், பிரேக் குழாயுமே முதற் பலியாகும். இதனை இக்கரையில் வாழும் எவரும் அறிவர்.

வெளியூர்க் கார் முற்றமொன்றின் முதலாளி காரைச் சுற்றி வந்து மகிழ்ந்தார். பின்னர், "எந்த ஊர் ஐயா?" என்று வினவினார். நுரைச்சோலை என்றதும் அவர் முகம் மாறிற்று.

"கடற்கரைக் காரா? அடியெல்லாம் உக்கியிருக்குமே!"

"குனிந்து பாருங்கள். விரும்பினால் கராஜுக்குக் கொண்டுபோய் உயர்த்தியும் பாருங்கள். கொப்பியும் இருக்கிறது" என்றோம்.

"கொப்பியை யாரும் எழுதலாம் ஐயா. குறை நினைக்க வேண்டாம். மூன்று இலட்சம் குறைத்துத்தான் எடுப்பேன்."

அவர் கடைசிவரை குனியவேயில்லை. பணத்தேவை எமது பக்கம் இருந்தமையால் காரைக் கொடுத்துவிட்டு வந்தோம். இரண்டு வாரங்களின் பின்னர் உறவினர் ஒருவர் அம்முற்றத்துக்குச் சென்று அதே காரைக் கண்டு, எங்கே ஓடிய கார் என்று கேட்டிருக்கிறார். "கொழும்பில் ஒரு டாக்டர் அம்மா ஓட்டியது, வீடும் ஆஸ்பத்திரியும் தவிர வேறெங்கும் போகவில்லை" என்று விடை கிடைத்ததாம்! எங்கள் கொப்பி அங்கே காணப்படவில்லை. வாங்கும்போது ஊரின் பெயரால் விலை குறைந்தது. விற்கும்போது ஊரின் பெயரே மறைந்தது.

இதில் எம்மை நோகச் செய்தது மூன்று இலட்சம் மட்டுமன்று. நேர்மையாகப் பேணியவனுக்கும் பேணாதவனுக்கும் ஒரே விலைதான் என்றால், பேணுவதற்குப் பயன் யாது? இக்கேள்விக்கு விடை கண்டவர் அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜோர்ஜ் அகெர்லோஃப். 1970ஆம் ஆண்டில், பழைய கார்ச் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டு அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அமெரிக்கர் பழுதுள்ள காரை 'எலுமிச்சம்பழம்' என்று பரிகசிப்பர். அக்கட்டுரையின் தலைப்பிலும் அப்பழமே இடம்பெற்றது. அத்துறை ஆராய்ச்சிக்காக 2001ஆம் ஆண்டில் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் என்னும் இருவருடன் அவர் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அவர் கருத்தை நம் ஊர்க் கணக்கிற் சொல்வோம். நல்ல காரின் பெறுமதி 80 இலட்சம், கெட்ட காரின் பெறுமதி 50 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். எது நல்லது, எது கெட்டது என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் இடைநடுவே 65 இலட்சம் தருவதாகச் சொல்வார். நல்ல கார் வைத்திருப்பவர், "இவ்விலைக்கு விற்பதிலும் நானே ஓட்டுவேன்" என்று வீட்டுக்குத் திரும்புவார். கெட்ட கார் வைத்திருப்பவரோ மகிழ்ந்து நிற்பார். நல்லவை விலக விலகச் சந்தையில் எஞ்சுபவை பெரும்பாலும் கெட்டவை. அதையறிந்து வாங்குபவரும் விலையை மேலும் குறைப்பார். ஆக, ஏமாற்றுபவர் சிலராயினும், தண்டம் இறுப்பவர் நேர்மையானவர் என்பதே இதன் சாரம்.

வியாபாரியின் பக்கமும் நியாயம் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. அவரிடம் விற்க வருபவர் எல்லோரும் உத்தமர் அல்லர். விபத்தை மறைத்து, ஓடிய மைற்கணக்கைப் பின்னோக்கித் திருப்பி வருவோரும் உளர். கடன் வாங்கிய முதல் முற்றத்திலே வெயிலிற் காய்ந்துகொண்டிருக்க, வட்டி இரவும் பகலும் ஓடுகிறது. இறக்குமதித் தடைக்காலத்தில் உச்சவிலை கொடுத்து வாங்கி வைத்திருந்தவருக்கு, கதவு திறக்கப்போகிறது என்ற செய்தியே வயிற்றைக் கலக்கியிருக்கும். அறியாமை அவரையும் சுடுகிறது; அவர் அதை விலையில் ஏற்றி நம் தலையில் வைக்கிறார்.

இவ்வாறிருக்க, சென்ற ஆண்டில் எங்கள் மைத்துனர் கார் வாங்கப் புறப்பட்டார். இரண்டு போக வெங்காயப் பணம் அவரிடமிருந்தது. மிகுதிக்கு லீசிங் கம்பனியின் கடன். முற்றமொன்றில் வெள்ளை நிறச் செடான் ஒன்று கண்ணாடிபோல் மின்னியது. கண்டியில் ஓடியதென்றும், கடற்காற்றே படாததென்றும் சொன்னார்கள். "அண்ணன், இன்றைக்கே முற்பணம் வைக்காவிட்டால் மாலைக்குள் போய்விடும்" என்று அவசரப்படுத்தினார்கள். மைத்துனரின் கை பணப்பைக்குச் சென்றது. "மாலைக்குள் போனால் போகட்டும், கராஜில் உயர்த்திப் பார்த்த பின்னரே பேச்சு" என்றோம். "பத்து வீடு தள்ளித்தானே கராஜ் இருக்கிறது மச்சான், வாருங்கள்" என்று அவரையும் இழுத்துச் சென்றோம்.

கராஜ் பாஸ் காரை உயர்த்தினார். அடியெங்கும் புதிதாகக் கரிய பூச்சு. பின்சில்லின் வளைவில் ஸ்குரூ டிரைவரால் மெல்லக் குத்தினார். இரும்புத் தகட்டினுள் அது அப்பளத்தினுட் போவதுபோற் போயிற்று. "இது கடலிலே குளித்த வண்டி ஐயா" என்று கூறிச் சிரித்தார். பின்னர் மூன்று இடங்களைக் காட்டினார். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள்: 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்த டயர் என்று பொருள். இருக்கைப் பட்டியின் அடியில் அது செய்யப்பட்ட காலம் அச்சிட்ட துணித்துண்டு: கார் பழையதாயிருக்க, ஒரு பட்டி மட்டும் பிற்காலத்ததாயின், ஏன் மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும். கதவையும் மூடியையும் பிடித்திருக்கும் ஆணிகள்: அவற்றில் வர்ணம் சிதைந்திருந்தால் கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள். பல்லில்லை என்று நாம் கருதிய பொருளுக்கும் பல் உண்டு. எங்கே பார்ப்பதென்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

ஜப்பானிலிருந்து ஏலத்தில் எடுக்கப்பட்டு வந்த கார்களுக்கு இன்னொரு சான்றும் உண்டு. ஏலத்துக்கு முன் பரிசோதித்து, மதிப்பெண், ஓடிய தூரம், கீறல், பழுது யாவும் குறித்த தாள் அது. ஆனால் அத்தாளையும் போலியாகத் தயாரிக்கலாமாதலால், சட்டக இலக்கத்தைக் கொண்டு நாமே சரிபார்ப்பது அவசியம். பல இலட்சம் கொடுக்கத் துணிந்தவர், சில ஆயிரம் ரூபாப் பரிசோதனைக் கூலிக்குக் கணக்குப் பார்க்கிறார். யானை வாங்கியவர் அங்குசத்துக்குப் பேரம் பேசும் கதை இதுதான்.

காரைப் பார்த்த கண்ணாற் பத்திரத்தையும் பார்த்தல் வேண்டும். லீசிங் கடனுள்ள காரின் பதிவுப் புத்தகத்தில் 'முழு உரிமையாளர்' என்ற இடத்தில் இருப்பது கம்பனியின் பெயர். அக்கடனைத் தீர்த்து, பெயரை நீக்காத காருக்கு முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுப்பது ஆபத்து. பெயரை நிரப்பாமல் கையொப்பமிட்ட 'ஓப்பன் பேப்பருடன்' கார் கைமாறும் வழக்கமோ இருபுறமும் கூரான கத்தி. விற்றவரின் பெயர் புத்தகத்திலிருந்து நீங்காமையால், நாளை அக்கார் எங்கேனும் மோதினால் பொலிஸார் தட்டுவது அவர் வீட்டுக் கதவைத்தான். வாங்கியவருக்கோ அது தம் காரென்று காட்டச் சான்றில்லை.

சட்டமும் வாங்குபவரைக் கைவிடவில்லை. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, விவரித்து விற்கப்படும் பொருள் அவ்விவரத்துக்கு ஒத்திருத்தல் வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடவும் இடமுண்டு. ஆனால் காற்றோடு போன சொல்லை எவரிடம் காட்டுவது? ஓடிய தூரம், விபத்து, ஓடிய ஊர் ஆகிய மூன்றையும் விற்பனைச் சிட்டையில் எழுதிக் கையொப்பமிடுமாறு பணிவாகக் கேளுங்கள். வாயாற் சொன்னதை எழுத மறுப்பவர், அம்மறுப்பினாலேயே வேண்டிய விடையைத் தந்துவிடுகிறார்.

எங்கள் மைத்துனர் முடிவில் குருநாகலில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் நேரடியாகவே ஒரு கார் வாங்கினார். வெள்ளைக் காரைவிட ஒன்றரை இலட்சம் கூடுதல் விலை; மின்னும் அழகும் குறைவு. ஆனால் காருடன் பற்றுச்சீட்டுகள் நிறைந்த கோப்பு ஒன்றும் வந்தது. அக்கூடுதல் பணம் இரும்புக்கன்று, அந்தக் கோப்புக்கே என்று அவர் வீட்டாரிடம் கூறினார். நல்லதை நல்லதென்று காட்டும் சான்று இருந்தால் நேர்மைக்கும் விலை கிடைக்கும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை.

ஆதலால், கரையோரத்தில் கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொப்பியை யாரும் எழுதலாம் என்று சொல்பவருக்குக் கராஜின் பற்றுச்சீட்டையும் சேர்த்துக் காட்டுங்கள். வைகாசியிற் காற்றுத் திரும்பியதும் காரின் அடிப்பாகத்துக்கு நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, அந்த நாளைப் பிள்ளைகளின் கையாலேயே கொப்பியில் எழுதச் செய்யுங்கள். ஓர் ஊரில் நூறு வீடுகளில் அத்தகைய கொப்பி இருக்குமாயின், "நுரைச்சோலைக் காரா?" என்று கேட்பவர் முகம் மாறாமல், குனிந்து பார்க்கவாவது முன்வருவார்.