காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம் வேண்டும்



ஐப்பசி மழை ஆரம்பித்ததிலிருந்து என் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விதான். "டீச்சர், டெங்குவுக்கு நிலவேம்பு போதுமா? தடுப்பூசி வந்துருச்சா?" எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. உங்களுக்குப் பாடம் நடத்தியவள், அவ்வளவுதான். நிலவேம்புக்கு விரோதியும் இல்லை. 2012-ல் கடையநல்லூர் பக்கம் டெங்கு பரவிய வருடம் அரசு மருத்துவமனைகளிலேயே நிலவேம்புக் குடிநீர் கொடுத்தார்கள். வெட்டிவேர், பற்படாகம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு என்று ஒன்பது சரக்கு சேர்ந்தது அது. எங்கள் வீட்டிலும் காய்ச்சுகிறோம். ஆனால் அதைக் குடித்துவிட்டோம், இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று நினைப்பதுதான் ஆபத்து.

போன மாதம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "பையனுக்கு நாலு நாளா நிலவேம்பும் பப்பாளி இலைச் சாறும் குடுத்தேன் டீச்சர். இன்னைக்குக் காய்ச்சல் விட்டுருச்சு" என்றாள். சாப்பிட்டானா என்றேன். வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்திருக்கிறானாம். "உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போம்மா" என்றேன். நான்கு நாள் குளுக்கோஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

டெங்குவில் பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். சிலருக்கு அப்போதுதான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் குறையும். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது, சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது, இதில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். காய்ச்சலுக்கு டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், புரூஃபென் வேண்டாம், ரத்தக்கசிவு அதிகமாகும்.

இனி தடுப்பூசி. என் கையில் சின்ன வயதில் அம்மை குத்திய தழும்பு இன்னும் இருக்கிறது. வாசலில் வேப்பிலை செருகிய பாட்டிதான் அதற்கும் கூட்டிப்போனாள். அந்த ஊசியால்தான் பெரியம்மை ஒழிந்தது; 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அதை அறிவித்தது.

டெங்கு அவ்வளவு சுலபமில்லை. அந்த வைரஸில் நான்கு வகை. ஒரு வகை வந்து போனவருக்கு வேறு வகை வந்தால் நோய் கடுமையாகலாம். பிலிப்பைன்ஸில் 2016-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு டெங்கு ஊசி போட்டார்கள். முன்பு டெங்கு வராத பிள்ளைகளுக்கு அதனால் நோய் கடுமையாகலாம் என்று தெரிந்ததும் 2017-ல் நிறுத்தினார்கள். அதன்பின் வேறு தடுப்பூசிகள் மேலும் அங்கே மக்களுக்கு நம்பிக்கை குறைந்தது. அவசரம் கூடாது என்பதற்கு இது பாடம். நம் நாட்டுத் தடுப்பூசிக்கு 2024 ஆகஸ்டில் மூன்றாம் கட்டப் பரிசோதனை தொடங்கியிருக்கிறது. சோதித்து முடித்து, அரசு அனுமதித்து வந்தால் யாருக்குப் போடலாம் என்று டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்வோம்.

அதுவரை நம் கையில் இருப்பது வாரம் ஒரு நாள் வேலை. டெங்குக் கொசு பெரும்பாலும் நல்ல தண்ணீரில் முட்டையிடும். அந்த முட்டை காய்ந்தாலும் சாகாது. தொட்டி, டிரம், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு எல்லாவற்றையும் கொட்டி, தேய்த்துக் கழுவி, மூடி வையுங்கள்.

வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதுதான் இந்த வார வீட்டுப்பாடம்!

அன்புடன்,
உங்கள் டீச்சர்