மேசை மேல் ஒரு டக்கோட்டா



பிளாஸ்ரிக் வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். பெரும்பாலும் இரவு வேலை. ஊரில் சாதாரண தரம் வரைதான் படித்தேன். இடப்பெயர்வுகளோடு அதற்கு மேல் போக வழியில்லாமற் போய்விட்டது. ஆகவே இதைப் படித்தவர் எழுதும் கட்டுரையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிளாஸ்ரிக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததையும், அதைக் கொண்டு எங்கள் வீட்டில் செய்த ஒரு சிறு காரியத்தையும் எழுதுகிறேன். புதிதாக வந்து குடியேறியிருக்கும் குடும்பங்களுக்கு ஏதேனும் விதத்தில் உதவினால் சந்தோஷம்.

சென்ற கோடையில் எங்கள் ஒன்பது வயது மகள், பாடசாலையில் நடந்த பழைய பொருட்கள் விற்பனையில் இரண்டு பவுண் கொடுத்து ஒரு பெட்டி வாங்கிவந்தாள். மூடியின் ஒரு மூலை கிழிந்திருந்தது. மேலே இரட்டை எஞ்சின் விமானம் ஒன்றின் படம். எயர்பிக்ஸ் கொம்பனியின் டக்கோட்டா மொடல். உண்மையான விமானத்தின் 72 இல் ஒரு பங்கு அளவு. துண்டு துண்டாக இருப்பதை நாங்களே ஒட்டி முழுமையாக்க வேண்டும்.

மனைவி படத்தைப் பார்த்தார்.

"பிள்ளைக்கு வேறை ஒண்டும் கிடைக்கேல்லையோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

ஏன் அப்படிக் கேட்டார் என்பது எங்கள் வாசகர்கள் பலருக்குச் சொல்லாமலே விளங்கும். வன்னியில் வளர்ந்த எங்களுக்கு விமானம் என்றால் முதலில் சத்தம். வேவு பார்க்கும் 'வண்டு' தலைக்கு மேல் சுற்றத் தொடங்கினால், பின்னால் கிபிர் வரக்கூடும் என்று சிறுபிள்ளைக்கும் தெரியும். எங்களுக்கு மூத்தவர்கள் சியாமாசெட்டி, அவ்ரோ, பொம்மர் என்று வேறு பெயர்கள் சொல்வார்கள். பெயர் மாறினாலும் பதுங்கு குழி ஒன்றுதான். 2008 இல் மனைவியின் தம்பி விமானக் குண்டுவீச்சில் போய்விட்டான். அப்போது அவனுக்குப் பதினாறு வயது. இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடமாகியும், தாழப் பறக்கும் விமானத்தின் இரைச்சல் கேட்டால் மனைவி கையிலிருப்பதை வைத்துவிட்டு அப்படியே நிற்பார். மகளோ ஓடிப்போய் யன்னலைத் திறந்து வானத்துக்குக் கை காட்டுவாள். ஒரே வீட்டுக்குள் இரண்டும் நடக்கும். மகளுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எங்கே தொடங்குவது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

அன்றிரவு மனைவியோடு பேசினேன். இது ஆட்களையும் சாமான்களையும் ஏற்றுவதற்கென்று செய்த விமானம் என்றேன். அமெரிக்காவில் டக்ளஸ் கொம்பனி செய்த டீசி-3 என்னும் இந்த விமானம் முதன்முதலில் 1935 டிசம்பரில் பறந்தது. இருபத்தொரு பேர் இருந்து போகலாம். இரண்டாம் உலகப் போரில் இதே விமானத்தைப் படைகளுக்காக ஆயிரக்கணக்கில் கட்டினார்கள். பிரித்தானியர் அதற்கு டக்கோட்டா என்று பெயர் வைத்தார்கள். போர் முடிந்த பின், 1948 இல் பேர்லின் நகருக்கான தரைப்பாதைகள் மறிக்கப்பட்டபோது, அங்கிருந்த சனங்களுக்கு உணவும் நிலக்கரியும் கொண்டுபோன விமானங்களில் இதுவும் ஒன்று. பின்னர் வியட்நாம் போரில் இதிலேயே துப்பாக்கிகளைப் பூட்டியும் பாவித்தார்கள். அதையும் நான் மனைவிக்கு மறைக்கவில்லை.

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு மனைவி சொன்னார்: "சரி, பிள்ளையின்ரை ஆசைக்குச் செய்யுங்கோ. ஆனால் மேலை தொங்கவிட வேண்டாம். மேசையிலை இருக்கட்டும்."

இந்த மொடல்களைச் செய்யும் பலர் நூல் கட்டிக் கூரையில் தொங்கவிடுவார்கள். மனைவியின் நிபந்தனையை நான் ஏற்றுக்கொண்டேன். விமானத்தைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தது எங்களுக்குப் போதும்.

பெட்டியைத் திறந்ததும் எனக்கு என் வேலைத்தலமே ஞாபகம் வந்தது. இந்தத் துண்டுகளும் நாங்கள் வாளி மூடிகள் வார்ப்பது போலத்தான் வார்க்கப்படுகின்றன. இரண்டு பாதியாகச் செய்த உருக்கு அச்சை இறுக்க மூடி, உருகிய பிளாஸ்ரிக்கை அழுத்தத்தோடு உள்ளே செலுத்துவார்கள். குளிர்ந்து இறுகியதும் அச்சு திறக்கும். உள்ளேயிருக்கும் ஊசிகள் துண்டை வெளியே தள்ளும். அச்சு பழசானால் இரு பாதியும் சரியாகப் பொருந்தாது. அந்த இடைவெளியால் பிளாஸ்ரிக் கசிந்து ஓரத்தில் பிசிறாக நிற்கும். தடிப்பான இடம் குளிரும்போது கூடுதலாகச் சுருங்குவதால் குழி விழும். தள்ளிய ஊசிகளின் வட்ட அடையாளமும் பதிந்திருக்கும். எயர்பிக்ஸ் இந்த டக்கோட்டாவை முதலில் வெளியிட்டது 1960 இல். எங்கள் பெட்டியில் இந்தக் குறைகள் எல்லாம் இருந்தன. மகளுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினேன். "உங்கடை ஃபாக்டரியிலை இப்பிடி வந்தால் என்ன செய்வீங்கள் அப்பா?" என்று கேட்டாள்.

"அரைக்கிற மெசினுக்குள்ளை போடுவம்."

"இதை?"

"இதைத் திருத்துவம்."

அந்தக் கொம்பனியின் கதையும் எனக்குப் பிடித்தது. அதைத் தொடங்கியவர் நிக்கலஸ் கோவ் என்னும் ஹங்கேரிய யூதர். சொந்த நாட்டை விட்டு ஐரோப்பாவில் இடம்மாறி, கடைசியில் லண்டன் வந்து சேர்ந்தவர். 1939 இல் காற்றடைத்த றப்பர் விளையாட்டுச் சாமான்களோடு தொழிலைத் தொடங்கினார். போருக்குப் பின் பிளாஸ்ரிக் வார்க்கும் இயந்திரம் வாங்கித் தலைவாரும் சீப்புகள் செய்தார். பின்னர் 'கோல்டன் ஹைண்ட்' என்ற கப்பல் மொடலை ஒரு பையில் போட்டு, வூல்வேர்த் கடைகளில் இரண்டு சிலிங்குக்கு விற்றார்கள். அதற்குப் பிறகுதான் விமானங்கள். கொம்பனி பின்னர் பல கை மாறி, 2006 இல் ஹோர்ன்பி கொம்பனியிடம் வந்தது. ஆங்கிலேயப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக விளையாடிய ஒரு பொருளைத் தொடங்கி வைத்தவரும் எங்களைப் போல ஓடிவந்த ஒருவர்தான்.

இனி வேலையைச் சொல்கிறேன். நீங்களும் பழைய பெட்டி ஒன்று எடுத்தால் உதவும்.

முதலில் துண்டுகளை இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவ வேண்டும். அச்சில் பூசும் எண்ணெய்ப் பசை ஒட்டியிருந்தால் பெயின்ற் பிடிக்காது. துண்டுகளை முறித்து எடுக்காமல் சிறு குறட்டால் வெட்டி எடுங்கள். பிசிறைக் கத்தியால் சுரண்டலாம். கத்தி வேலை முழுவதையும் நான் செய்தேன், அரத்தாள் வேலை மகளுடையது. மெல்லிய அரத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது. இந்த மொடலுக்குரிய பசை உண்மையில் ஒட்டுவதில்லை, இரண்டு துண்டின் ஓரத்தையும் கரைத்து ஒன்றாக்குகிறது. அதனால் கொஞ்சமாகத்தான் பூச வேண்டும். யன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அதன் மணம் கூடாது.

செட்டைகளை உடம்போடு பொருத்தியபோது ஒருபக்கம் ஒரு மில்லிமீற்றர் இடைவெளி வந்தது. அதற்குள் மெல்லிய பிளாஸ்ரிக் கீற்று வைத்து, மேலே புட்டி பூசி, காய்ந்தபின் தேய்த்தோம். குழிகளுக்கும் புட்டிதான். இந்தப் பழைய மொடல்களில் தறை ஆணிகள் எல்லாம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். உண்மை விமானத்தில் அவ்வளவு பெரிதாகத் தெரியாது. பாதியளவு மட்டம் வரும்வரை தேய்த்தோம். முற்றாக அழிக்க மகள் விடவில்லை. அவளுக்கு அவை பிடித்திருந்தன.

செட்டையின் பின்னோரம் மிகத் தடிப்பாக இருந்தது. ஒட்டுவதற்கு முன் இரு பாதியையும் உட்புறமாகத் தேய்த்து மெல்லிதாக்கினேன். விமானி அறைக்குள் கடதாசி மட்டையால் கருவிப் பலகை ஒன்று செய்து வைத்தோம். பழைய சார்ஜர் வயரை உரித்து, உள்ளேயிருந்த மயிர்போன்ற செம்புக் கம்பிகளை எஞ்சின்களுக்கு வைத்தோம். யன்னல் கண்ணாடிகளுக்கு மொடல் பசை பாவித்தால் புகார் படிந்ததுபோல் மங்கிவிடும். பிள்ளைகள் பாடசாலையில் பாவிக்கும் வெள்ளைப் பசை நல்லது, காய்ந்ததும் தெளிந்துவிடும். மிஞ்சிய பிளாஸ்ரிக் கம்பை மெழுகுதிரிச் சுவாலைக்கு மேலே பிடித்து, இளகியதும் விளக்கை விட்டு விலக்கி மெதுவாக இழுத்தால் தலைமயிர் போல நீளும். வானொலிக் கம்பிகளை அப்படித்தான் செய்தோம். அதைப் பார்த்து மகள் கைதட்டினாள்.

அரைக்கரைவாசி முடிந்த நிலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரிலிருக்கும் அம்மாவுக்கு வீடியோ அழைப்பில் காட்டினோம்.

"என்னடா தம்பி, பிளேனை வீட்டுக்குள்ளையே கொண்டு வந்திட்டியோ?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, நான் அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னார். 1987 ஜூன் 4 ஆம் திகதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்துக்கு மேலே வந்து உணவுப் பொதிகளைப் போட்டன அல்லவா? அப்போது அம்மா கலியாணம் கட்டாத பிள்ளை. "சத்தம் கேட்டு எல்லாரும் ஓடி ஒளிச்சம். பிறகு எட்டிப் பார்த்தால் குடை குடையாய் இறங்குது. குண்டெண்டு நினைச்சுக் கும்பிட்டுக்கொண்டிருந்தனாங்கள், அது சாப்பாட்டுச் சாமான்."

"ஏன் அம்மம்மா ஒளிச்சனீங்கள்?" என்று மகள் கேட்டாள்.

அம்மா பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மேசையின் மறுபக்கத்தில் செட்டையைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவிதான் சொன்னார். பசை இறுகும்வரை அரைமணி நேரம் அசையாமல் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த அரைமணி நேரத்தில் தன் தம்பியின் பெயரையும், அவன் நன்றாகப் பந்து விளையாடுவான் என்பதையும், அவனுக்கு என்ன நடந்தது என்பதையும் பிள்ளைக்கு விளங்கும் அளவில் சொல்லி முடித்தார். மகள் ஒன்றும் பேசாமல் தாயோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். கைகளுக்கு ஒரு வேலை இருந்தபடியால்தான் மனைவியால் அதைச் சொல்ல முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

பெட்டியிலிருந்த படை அடையாள ஒட்டுப்படங்கள் மஞ்சளாகி வெடித்திருந்தன. எங்களுக்கு அவை தேவைப்படவுமில்லை. எயார் சிலோன் கொம்பனி டக்கோட்டா விமானங்களோடுதான் தொடங்கியது. 1947 டிசம்பரில் அதன் முதலாவது விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. பலாலி என்று நாங்கள் சொல்லும் அந்த இடத்திலிருந்து, பயணச்சீட்டு எடுத்துச் சாதாரணமாகச் சனங்கள் விமானம் ஏறிய காலம் ஒன்று இருந்திருக்கிறது. அந்த விமானங்களுக்குப் பெண்களின் பெயர் வைத்திருந்தார்கள். ஒன்று சீதாதேவி. மகள் அதையே தெரிந்தெடுத்தாள். சாம்பல் நிற அடிப்பூச்சும் வெள்ளிநிறப் பெயின்றும் நான் பூசினேன். மூக்கின் பக்கத்தில், மிக மெல்லிய தூரிகையால், அரிசி மணியிலும் சிறிய எழுத்தில் 'சீதாதேவி' என்று அவள் தமிழில் எழுதினாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுதும் எழுத்தைவிட அது நேராக இருக்கிறது.

நான்கு மாத வேலை. ஓய்வு நாட்களில் மட்டும். செலவு பெட்டியோடு சேர்த்து இருபது பவுணுக்குள். பழைய பெட்டிகள் தர்மக் கடைகளிலும் ஞாயிறு சந்தைகளிலும் கிடைக்கும். வாங்கும்போது கண்ணாடித் துண்டுகள் உடையாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள், மற்ற எதையும் திருத்தலாம். கட்டும் முறை படங்களாகவே இருப்பதால் ஆங்கிலம் தெரியாதவர்களும் பயப்படத் தேவையில்லை. விமானம் வேண்டாம் என்று மனது சொன்னால் கப்பல் இருக்கிறது, கார் இருக்கிறது. பிள்ளையும் தாய் தகப்பனும் ஒரே மேசையில் இருந்து செய்யும் வேலையாக இருந்தால் போதும்.

நாற்பது சென்ரிமீற்றர் அகலச் செட்டையோடு சீதாதேவி இப்போது எங்கள் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் நிற்கிறாள். டக்கோட்டாவுக்கு வாலின் கீழ் ஒரு சின்னச் சில்லு, அதனால் தரையில் நிற்கும்போதே மூக்கை மேலே தூக்கிக்கொண்டுதான் நிற்கும். தூசி தட்டுவது மனைவி.

2019 இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, சென்னைச் சேவை தொடங்கி, இடையில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் ஆரம்பமானது. அடுத்து அந்தச் சேவையில் வந்த ஏரீஆர் விமானத்தைக் கட்டவேண்டும் என்று மகள் சொல்கிறாள். அதற்கு முன் டக்கோட்டாவுக்கு உள்ளே ஆசனங்கள் செய்யும் எண்ணம் எனக்கிருக்கிறது. வாசகர்களில் பெரியவர்கள் யாராவது அந்தக் காலத்தில் பலாலியிலிருந்து டக்கோட்டாவில் பறந்திருந்தால், தயவுசெய்து இந்தச் சஞ்சிகைக்கு இரண்டு வரி எழுதுங்கள். ஆசனத் துணி என்ன நிறம்? யன்னலுக்குத் திரை இருந்ததா? மேலேயிருந்து பார்க்க எங்கள் ஊர் எப்படி இருந்தது?