சத்தம் புகாத அறை

டொரன்டோவில் வசிக்கும் பழைய பத்திரிகை நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். ஒரு காலத்தில் கொழும்பில் ஒரே ஆசிரிய பீடத்தில் எதிரெதிர் மேசைகளில் அமர்ந்து வேலை செய்தவர்கள் நாங்கள். அவருடைய மகன் மிருதங்கம் பயில்கிறான். குடியிருப்பதோ அடுக்குமாடி. கீழ்வீட்டுக்காரர் முறைப்பாடு செய்துவிட்டாராம்.

"மச்சான், நீ ஊரில சத்தம் புகாத அறை ஒண்டு கட்டினனியெல்லோ? அதை எப்படிச் செய்தனி எண்டு ஒருக்காச் சொல்லு" என்றார்.

சொன்னேன். அவரிடம் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அந்த ஆசை 2020 இன் ஊரடங்கு நாட்களில் பிறந்தது. அலுவலகம் மூடிக் கிடந்தது. குறிஞ்சாக்கேணியில் உள்ள என் வீடே அலுவலகமாயிற்று. பத்திரிகைக்கு எழுதுவதோடு, வெளிநாட்டு வானொலிகளுக்குக் குரல்பதிவு அனுப்பும் வேலையும் வந்து சேர்ந்தது. எழுதுபவனுக்குச் சத்தம் ஒரு பொருட்டல்ல. அச்சியந்திரம் இரைந்துகொண்டிருந்த கட்டடத்தில் பல ஆண்டுகள் எழுதிப் பழகியவன் நான். ஆனால் ஒலிவாங்கிக்கு மனிதனைப் போல வேண்டாததை விலக்கிக் கேட்கத் தெரியாது. மீன்காரரின் ஹோர்ன், முச்சக்கர வண்டி, காகம், பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார், குர்ஆன் ஓதும் பிள்ளைகளின் குரல் என்று எல்லாம் என் குரலோடு சேர்ந்து கடல் கடந்து போயின. இன்னொரு முறை பதிந்து அனுப்ப முடியுமா என்று பணிவாகக் கேட்டு மறுநாள் மின்னஞ்சல் வரும்.

இந்த ஆசை எனக்கு முன்னரும் பலரைப் பிடித்து ஆட்டியிருக்கிறது. இலண்டனில் வாழ்ந்த தோமஸ் கார்லைல், அயல்வீட்டுப் பியானோவையும் சேவல்களையும் பொறுக்கமாட்டாமல், 1853 இல் தம் வீட்டு உச்சியில் இரட்டைச் சுவருடன் ஓர் அறை கட்டத் தொடங்கினார். அயற்சத்தம் குறைந்ததென்னவோ உண்மை. ஆனால் அதுவரை செவியில் விழாதிருந்த தொலைதூர ரயிலின் ஊதலும் ஆற்றுப் படகுகளின் ஒலியும் அந்த உச்சி அறைக்கு வந்து சேர்ந்தன. பாரிஸில் மார்செல் புரூஸ்ட், 1910 இல் தம் படுக்கையறைச் சுவர்களுக்குத் தக்கை பதித்துக்கொண்டார். இருவருக்கும் பணமிருந்தது. எனக்கு இருந்ததெல்லாம் முட்டை அட்டைகள்தாம்.

ஆம், நானும் அந்தப் பிழையைச் செய்தேன். கடை கடையாகக் கேட்டு வாங்கிச் சுவர் முழுவதும் ஒட்டினேன். அறைக்குள் எதிரொலி சற்றுக் குறைந்தது. வெளிச்சத்தம் இம்மியும் குறையவில்லை. பின்னரே பாடம் படித்தேன். சத்தத்தை உறிஞ்சுவது வேறு. சத்தத்தைத் தடுப்பது வேறு. மெத்தென்ற பொருட்கள் அறைக்குள் எழும் ஒலி சுவரில் பட்டுத் திரும்பாமல் உறிஞ்சிக்கொள்ளும். வெளியிலிருந்து வருவதை மறிக்கப் பாரம் வேண்டும். அதிலும் ஓர் எல்லையுண்டு. சுவரின் பாரத்தை இரட்டித்தால் ஏறத்தாழ 6 டெசிபல்தான் குறையும். ஒரு சத்தம் பாதியாகிவிட்டதென்று நம் செவி உணர்வதற்கு 10 டெசிபல் குறைய வேண்டும். ஆகவே ஒரே சுவரைத் தடிப்பாக்கிக்கொண்டே போவதைவிட, இடைவெளி விட்டு ஒன்றையொன்று தொடாத இரண்டு சுவர்களை எழுப்புவது மேல்.

எல்லாவற்றிலும் பெரிய எதிரி துவாரம். நூறு சதுர அடிச் சுவரில் ஒரேயொரு சதுர அடி திறந்திருந்தால், மற்றப் பகுதி கோட்டை மதிலாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. நம் வீடுகளோ துவாரங்களாலேயே கட்டப்பட்டவை. ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே வெளி. யன்னலுக்கு மேலே காற்றுக்கு விட்ட கண்கள். கதவின் கீழே விரல் நுழையும் நீக்கல். கச்சான் காற்று அனலாய் வீசும் ஊரில் வேறெப்படிக் கட்டுவது?

மேசன் வந்து பார்த்துவிட்டு, "சேர், இது அறையில்ல, போறணை" என்றார். பாண் வேகும் போறணையைத்தான் சொன்னார். நான் கேட்கவில்லை. சீமெந்துக் கல்லால் உள்ளே இன்னொரு சுவர் எழுந்தது. இரண்டுக்கும் நடுவே தும்பு அடைத்தோம். யன்னல் மூடுண்டது. மேலே இரட்டைப் பலகைக் கூரை. பாரமான கதவுக்கு நாற்புறமும் றப்பர் பட்டி. வேலை முடிந்த அன்று கதவைச் சாத்திவிட்டு உள்ளே நின்றேன். என் மூச்சு எனக்கே கேட்டது. அடைந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

மனைவி மட்டும் வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டாள்: "சத்தம் வராத அறைக்குள்ள மவுத்துச் செய்தி எப்படி வரும்?"

சிரித்தேன். ஆனால் அவள் கேட்டது விளையாட்டுக் கேள்வியல்ல. எங்கள் ஊரில் செய்தி முதலில் செவிக்குத்தான் வரும். யார் காலமானார், எத்தனை மணிக்கு நல்லடக்கம் என்பதைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவிக்கும். 2004 டிசம்பர் 26 இல் கிண்ணியா வைத்தியசாலையையே கடல் சிதைத்துப் போட்டது. அன்று உயிர் தப்பியவர்களில் பலர், யாரோ கூக்குரலிட்டு ஓடியதைக் கேட்டுத் தாமும் ஓடியவர்கள். 2006 ஆகஸ்டில் மூதூர் மக்கள் இடம்பெயர்ந்து கிண்ணியாவுக்கும் கந்தளாய்க்கும் வந்தபோது, எறிகணைச் சத்தம் எந்தத் திசையிலிருந்து எழுகிறதென்று சிறு பிள்ளைகளும் சொல்வார்கள். நிருபராக நான் கற்றதில் பாதி, செவியால் கற்றது.

2021 நவம்பர் 23 காலை. 2021 இல் கொண்டுவரப்பட்ட இரசாயன உர இறக்குமதித் தடையால் நெல் விவசாயிகள் பட்ட பாட்டைப் பற்றி ஒரு விவரணம் தயாரித்துக்கொண்டிருந்தேன். கைத்தொலைபேசியை அணைத்து வைத்துவிட்டு அறைக்குள் போனேன். கதவைச் சாத்தினேன்.

குறிஞ்சாக்கேணிக்கும் கிண்ணியா நகருக்கும் நடுவே களப்பு. புதிய பாலத்தின் வேலை நடந்துகொண்டிருந்ததால் மக்கள் பாதையில்தான் அக்கரை போய்வந்தார்கள். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: பாதை என்றால் எங்கள் பக்கத்தில் ஆட்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை. அன்று காலை மாணவர்களும் ஆசிரியர்களும் ஏனையோரும் ஏறியிருந்த அந்தப் பாதை கவிழ்ந்தது. அன்றே ஆறு உயிர்கள் பிரிந்தன. பெரும்பாலானோர் சிறுவர். பின்னர் அந்தத் தொகை கூடியது.

என் வீட்டிலிருந்து துறைக்கு நடந்து போக ஏழு நிமிடம். ஊரே அலறியிருக்கிறது. ஒலிபெருக்கி அழைத்திருக்கிறது. மனைவி இரண்டு முறை கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டாள். நானோ உள்ளே, ஒரு சொல் தெளிவாக விழவில்லையென்று அதே வசனத்தைத் திரும்பத் திரும்பப் பதிந்துகொண்டிருந்தேன்.

வெளியே வந்தபோது வீட்டில் எவருமில்லை. வாசற்கதவு திறந்து கிடந்தது. தொலைபேசியை இயக்கியதும் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. செய்தி ஆசிரியர் எடுத்த எடுப்பில், "எத்தனை பேர்?" என்றார்.

"எத்தனை பேர் என்றால்... என்ன?" என்று கேட்டேன்.

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. முப்பது ஆண்டுத் தொழிலில் அதைப்போன்ற வெட்கம் எனக்கு நேர்ந்ததில்லை. அதைவிடக் கனமான ஒன்றும் உண்டு. பாதைப் பயணத்தின் ஆபத்தைப் பற்றி ஊரார் என்னிடம் முறையிட்டிருந்தார்கள். குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். உர விவரணம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். எழுதியிருந்தால் விபத்து நேர்ந்திராது என்று சொல்லும் அளவுக்கு என் பேனாவைப் பற்றி எனக்கு மயக்கமில்லை. ஆனால் எழுதவில்லை என்பது எழுதவில்லைதான். அதற்குக் காரணம் அந்த அறையல்ல. அறை கட்டுவதற்கு முன்னரே என் செவியில் றப்பர் பட்டி போட்டுக்கொண்டிருந்தேன் போலும்.

அன்று ஓடிப்போய்ப் பார்த்ததை எழுதி அனுப்பினேன். அச்செய்தியில் தகவற்பிழை ஏதுமில்லை. ஆனால் அதில் என் காதால் கேட்டது ஒரு வரிகூட இல்லை.

அறையை இடித்துவிட்டாயா என்று நண்பர் கேட்டார். இடிக்கவில்லை. அமைதி வேண்டுமென்பது குற்றமான ஆசையல்ல; 2007 இல் நம் உயர் நீதிமன்றமே இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிகளுக்கு அனுமதி வழங்கலாகாது என்று கட்டளையிட்டிருக்கிறது. மாற்றம் இரண்டு செய்தேன். மூடிய யன்னலின் மேற்பகுதியில், தும்பு பதித்த வளைந்த பெட்டியொன்று வைத்தேன். காற்று அதனூடாக நெளிந்து வருகிறது. சத்தமும் மெலிந்து வருகிறது. பாங்கோசை கேட்கும்; மீன்காரர் கேட்கமாட்டார். இரண்டாவது, ஒரு சிவப்பு மின்குமிழ். வானொலி நிலையங்களில் அது கலையகத்துக்கு வெளியே எரியும். உள்ளே வராதே என்று பொருள். என் அறையில் அது மேசைக்கு நேரே, உட்புறம் எரிகிறது. ஆளி வெளியே, மனைவியின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது.

நண்பருக்குச் சொன்ன வழி இதுதான்: மிருதங்கத்தின் அதிர்வு தரை வழியே இறங்குவது, சுவருக்கு எதை ஒட்டினாலும் பயனில்லை. தடித்த றப்பர் விரிப்பின் மேல் பாரமான பலகை மேடை போட்டு, அதில் பையனை இருத்த வேண்டும். மேடை சுவரைத் தொடக்கூடாது. அதற்கு முன் ஒரு நாள், கீழ்வீட்டுக்காரரை அழைத்துத் தேநீர் கொடுத்து, பையனின் வாசிப்பைக் கேட்க வைக்கவும் சொன்னேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கையில் குமிழ் இருமுறை எரிந்து அணைந்தது. போய்ப் பார்த்தேன். தேநீர் ஆறுகிறதாம்.